தேசிய விருது பெற்ற தமிழ்ப் படங்கள்: முதலில் எதைப் பார்ப்பது?

தேசிய விருது வாங்கிய தமிழ்ப் படங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "சரி, இதுல எதை முதல்ல பார்க்கட்டும்?" கேட்கிறவர்கள் சினிமா ஆர்வம் இல்லாதவர்கள் அல்ல. வாரத்துக்கு ஒரு படம் பார்க்க நேரம் கிடைத்தாலே பெரிய விஷயம் என்ற நிலையில் இருப்பவர்கள். அந்த ஒரு படத்தையும் அம்மா, மாமியார், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் என்று எல்லோரோடும் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. "அவார்டு படம்னா மெதுவாப் போகும், கடைசியில அழ வைக்கும்" என்ற தயக்கம் வேறு.

அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. கீழே பேசப்போகும் ஏழு படங்களில் பாதிக்கு மேல் மனதைக் கனக்க வைப்பவைதான். ஆனால் ஏழும் ஏழு விதம். பொருந்தாத நாளில், பொருந்தாத ஆட்களோடு ஒரு நல்ல படத்தைப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் விருதுப் படங்களின் பக்கமே திரும்பாமல் போனவர்களை எனக்குத் தெரியும். நல்ல படத்துக்கு அதைவிடப் பெரிய இழப்பு இல்லை. அதனால்தான் எது உயர்ந்த படம் என்ற கேள்வியை விட்டுவிட்டு, எது உங்களுக்கு இப்போது சரியான படம் என்று எழுத நினைத்தேன்.

எடுத்துக்கொண்டவை இவை: காக்கா முட்டை, சூரரைப் போற்று, ஆடுகளம், கன்னத்தில் முத்தமிட்டால், காஞ்சிவரம், விசாரணை, வீடு. கதையின் முடிவுகளைச் சொல்லவில்லை.

## விருதின் முழுப் பெயரைப் படியுங்கள்

‘தேசிய விருது பெற்ற படம்’ என்று போஸ்டரில் பெரிதாகப் போடுவார்கள். எந்தப் பிரிவில் என்பதைப் பல நேரம் நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும். படம் எப்படி இருக்கும் என்பதைப் பாதி சொல்லிவிடுவது அந்தப் பிரிவுதான்.

எல்லா மொழிப் படங்களோடும் போட்டியிட்டு வாங்குவது ‘சிறந்த திரைப்படம்’ விருது. தங்கத் தாமரை என்பார்கள். 1950களில் தொடங்கிய இந்த விருதுகளில், 2023ஆம் ஆண்டுப் படங்கள் வரை, தமிழுக்கு அது மூன்று முறைதான் கிடைத்திருக்கிறது: மறுபக்கம் (1990), காஞ்சிவரம் (2007), சூரரைப் போற்று (2020). ‘சிறந்த தமிழ்ப் படம்’ என்பது வேறு. அந்த ஆண்டின் தமிழ்ப் படங்களுக்குள் மட்டும் நடக்கும் தேர்வு. வீடு, கன்னத்தில் முத்தமிட்டால், விசாரணை மூன்றும் வாங்கியது அதை. அப்புறம் நடிப்பு, படத்தொகுப்பு, இசை என்று தனிக் கலைஞர்களுக்கான விருதுகள்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்பதற்கு ஆடுகளம் நல்ல உதாரணம். சிறப்புக் குறிப்பையும் சேர்த்தால் ஆறு விருதுகள் வாங்கிய படம் அது. ஆனால் அதே ஆண்டு ‘சிறந்த தமிழ்ப் படம்’ என்ற விருது தென்மேற்குப் பருவக்காற்று படத்துக்குப் போனது. காக்கா முட்டையும் அப்படித்தான். அது வாங்கியது ‘சிறந்த குழந்தைகள் படம்’, சிறந்த குழந்தை நட்சத்திரம் ஆகிய விருதுகளை. அந்த ஆண்டின் ‘சிறந்த தமிழ்ப் படம்’ குற்றம் கடிதல். ஆக, விருதுகளின் எண்ணிக்கையை வைத்துப் படத்தை அளக்க முடியாது. தேர்வுக் குழு ஆண்டுதோறும் மாறுகிறது. தயாரிப்பாளர் விண்ணப்பித்த படத்துக்குத்தான் விருது கிடைக்கும். அதனால் 1987இல் ஒரு படம் வாங்கிய விருதையும் 2020இல் இன்னொன்று வாங்கியதையும் தராசில் வைத்து நிறுத்துவதில் பொருளில்லை.

இன்னொரு சின்ன விஷயம். விருது ஆண்டு என்பது தணிக்கைச் சான்றிதழ் பெற்ற ஆண்டு. தியேட்டருக்கு வந்த ஆண்டு அடுத்ததாக இருக்கலாம். ஆடுகளம் 2010ஆம் ஆண்டுக்கான விருதுகளில் வரும். நாம் பார்த்தது 2011 பொங்கலுக்கு.

## எதை வைத்து ஒப்பிடுகிறேன்

முதல் கேள்வி, யாரோடு பார்க்கப்போகிறீர்கள் என்பது. மற்ற எல்லாவற்றையும்விட இது பெரிது. ஒரே படம் தனியாகப் பார்க்கும்போது ஒன்றாகவும், பத்து வயதுப் பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது வேறொன்றாகவும் இருக்கிறது.

இரண்டாவது, படம் முடிந்த பிறகு எவ்வளவு நேரம் அது மனதை விட்டு இறங்காது என்பது. மூன்றாவது, அது கேட்கும் பொறுமை. நான்காவது, விருது எதற்குக் கொடுத்தார்களோ அது நம்மைப் போன்ற சாதாரணப் பார்வையாளருக்குக் கண்ணில் தெரிகிறதா என்பது. சில விருதுகள் துறையில் இருப்பவர்களுக்கு மட்டும் புரியும். சிலவற்றை நாமே படத்தில் கை வைத்துக் காட்டலாம்.

கடைசியாக, யாரும் முன்கூட்டிச் சொல்லாத செலவுகள். இது பணச் செலவு பற்றியது அல்ல. நல்ல பிரதி கிடைக்காமல் போவது, பிள்ளைகள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருப்பது, ராத்திரி தூக்கம் கெடுவது, இவையெல்லாமும் விலைதான்.

| படம் (விருது ஆண்டு) | முக்கிய விருதுகள் | யாரோடு பார்க்கலாம் | முன்கூட்டித் தெரிய வேண்டியது |
|---|---|---|---|
| காக்கா முட்டை (2014) | குழந்தைகள் படம், குழந்தை நட்சத்திரங்கள் | மொத்தக் குடும்பம் | பிள்ளைகளின் கேள்விகள் |
| சூரரைப் போற்று (2020) | சிறந்த படம், நடிகர், நடிகை, திரைக்கதை, பின்னணி இசை | மொத்தக் குடும்பம் | வரலாறாக எடுத்துக்கொள்ளக் கூடாது |
| ஆடுகளம் (2010) | இயக்கம், நடிகர், திரைக்கதை, படத்தொகுப்பு, நடனம் | நண்பர்கள் | சேவல் சண்டை, துரோகம் |
| கன்னத்தில் முத்தமிட்டால் (2002) | தமிழ்ப் படம், இசை, பாடல் வரி, குழந்தை நட்சத்திரம், படத்தொகுப்பு, ஒலிப்பதிவு | அம்மா, பதின்ம வயதுப் பிள்ளைகள் | போர்க் காட்சிகள் |
| காஞ்சிவரம் (2007) | சிறந்த படம், நடிகர் | வாழ்க்கைத் துணை | தாங்க முடியாத முடிவு |
| விசாரணை (2015) | தமிழ்ப் படம், துணை நடிகர், படத்தொகுப்பு | தனியாக | சித்திரவதைக் காட்சிகள் |
| வீடு (1987) | தமிழ்ப் படம், நடிகை | பெற்றோர், அல்லது தனியாக | நிதானம், பிரதியின் தரம் |

## காக்கா முட்டை

முதல் படமாக எதைப் பார்ப்பது என்று கேட்கிற பத்தில் எட்டுப் பேருக்கு என் பதில் இதுதான். மணிகண்டனின் முதல் படம். தனுஷும் வெற்றிமாறனும் தயாரித்தது. 2014இல் டொரண்டோ திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, 2015 ஜூனில் இங்கே தியேட்டருக்கு வந்தது.

சென்னையின் குடிசைப் பகுதியில் அண்ணன் தம்பி இருவர். அவர்கள் விளையாடிக்கொண்டிருந்த இடத்தில் மரத்தை வெட்டிவிட்டு ஒரு பீட்சா கடை வருகிறது. அவர்களுக்கும் பீட்சா சாப்பிட ஆசை. ரயில் தண்டவாளத்தில் சிதறிக் கிடக்கும் நிலக்கரியைப் பொறுக்கி விற்றுக் காசு சேர்க்கிறார்கள். கதை இவ்வளவுதான். இவ்வளவு சின்ன ஆசைக்குப் பின்னால் நகரம் எப்படி இயங்குகிறது என்பது மொத்தமும் தெரிந்துவிடுகிறது. யாரும் நின்று வசனம் பேசி அதை விளக்குவதில்லை.

அந்த அண்ணன் தம்பியாக நடித்த ரமேஷும் விக்னேஷும் வாங்கிய விருதுக்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை. பாட்டி, விளம்பரத் தாளில் இருக்கும் படத்தைப் பார்த்துத் தோசைக்கல்லில் பீட்சா செய்து கொடுக்கும் காட்சியில் அந்த இரண்டு முகங்களையும் பாருங்கள். ஏமாற்றம், பாட்டி மனசு நோகக் கூடாதே என்ற எண்ணம், பசி எல்லாம் ஒன்றாக ஓடும். அம்மாவாக வரும் ஐஸ்வர்யா ராஜேஷ் குரலை உயர்த்தாமலேயே படத்தைத் தாங்குகிறார்.

படம் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. சிரிக்க நிறைய இடம் இருக்கிறது. மனதில் தங்குவது கனம் அல்ல, கூர்மையான ஒரு கூச்சம். நம் வீட்டுக் குப்பைக்குப் போகும் பீட்சா பெட்டியைப் பார்க்கும்போது அது வரும்.

செலவு என்றால் பிள்ளைகளின் கேள்விகள்தான். அப்பா ஏன் ஜெயிலில் இருக்கிறார், காசு இருந்தும் கடைக்குள் ஏன் விட மாட்டேன் என்கிறார்கள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் சொல்ல மனமும் நேரமும் உள்ள நாளாகப் பார்த்துப் போடுங்கள். ‘குழந்தைகள் படம்’ என்ற பெயரைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளை மட்டும் டிவி முன் உட்கார வைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். இது பெரியவர்களும் கட்டாயம் பார்க்க வேண்டிய படம்.

## சூரரைப் போற்று

விருதுப் படம் என்றாலே ஓடிவிடுகிற ஒருவரைச் சம்மதிக்க வைக்க இதைவிட எளிய வழி இல்லை. ஏர் டெக்கான் விமான நிறுவனத்தைத் தொடங்கிய கேப்டன் கோபிநாத்தின் வாழ்க்கையை ஒட்டிய கதை. சுதா கொங்கரா இயக்கம். கொரோனா காலத்தில், 2020 நவம்பரில், நேராக ஓடிடியில் வந்தது. பாட்டு, வேகம், நாயகன், வில்லன் எல்லாம் உண்டு.

அப்பாவைக் கடைசியாகப் பார்க்க ஊருக்குப் போக டிக்கெட்டுக்குக் காசு போதாமல், விமான நிலையத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் சூர்யா கையேந்தும் காட்சி போதும் அந்த நடிகர் விருதுக்கு. ஆனால் என் கட்சி அபர்ணா பாலமுரளி பக்கம். கணவனின் கனவுக்குத் துணை நிற்கும் மனைவி என்று எழுதிவிட்டுப் போயிருக்கக்கூடிய பாத்திரம். தனக்கென்று ஒரு பேக்கரி, தனக்கென்று ஒரு பிடிவாதம் என்று பொம்மியைத் தனி ஆளாக நிற்க வைத்திருக்கிறார். ஊர்வசியின் சில நிமிடங்களும் அப்படியே.

குறை என்றால், வில்லன் பக்கம் கொஞ்சம் தட்டையாக இருக்கிறது. நிஜத்தில் கோபிநாத் கர்நாடகக்காரர்; படத்தில் மதுரைப் பக்கத்து ஆள். படத்தில் நடப்பதையெல்லாம் அப்படியே நடந்த வரலாறு என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். அவர் தன் கதையைத் தானே புத்தகமாக எழுதியிருக்கிறார். ஆர்வமுள்ள பிள்ளைக்கு அதை வாங்கிக் கொடுக்கலாம்.

## ஆடுகளம், கன்னத்தில் முத்தமிட்டால்

இவை இரண்டும் பாட்டோடும் பிரபல நடிகர்களோடும் வந்து, தியேட்டர் ரசிகர்களும் கொண்டாடிய படங்கள். இவற்றை நிறையப் பேர் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஆடுகளத்தில் விருது பெற்ற விஷயங்களை விரல் விட்டு எண்ணலாம். ‘கருப்பு’ என்ற பாத்திரத்தில் வரும் தனுஷ், மதுரைச் சேவல் சண்டை உலகம், குருவுக்கும் சீடனுக்கும் நடுவில் மெல்ல ஊறும் பொறாமை. ஆனால் படத்தின் உயிர் குருவாக வரும் பேட்டைக்காரன். நடித்தவர் ஈழத்துக் கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலன். அவருக்குச் சிறப்புக் குறிப்பு மட்டுமே கிடைத்தது. மரியாதை கைநழுவிப் போவதைப் பார்க்கும் ஒரு முதியவரின் கண்ணை இவ்வளவு நெருக்கத்தில் தமிழ் சினிமா அபூர்வமாகத்தான் காட்டியிருக்கிறது. நண்பர்கள் கூடும் ராத்திரிக்கு ஏற்ற படம். பறவைகள் சண்டையிட்டுச் சாவதைப் பார்க்க முடியாதவர்கள் தவிர்க்கலாம். சண்டைகளில் பெரும் பகுதி கணினியில் செய்தது என்று தெரிந்தாலும் கண்ணுக்கு அது நிஜமாகவே இருக்கிறது.

கன்னத்தில் முத்தமிட்டால் ஆறு விருதுகள் வாங்கியது. தத்தெடுக்கப்பட்ட குழந்தை அமுதா, தன் ஒன்பதாவது பிறந்தநாளில் உண்மையைத் தெரிந்துகொண்டு, பெற்ற தாயைத் தேடி இலங்கைக்குப் போகிறாள். அமுதாவாக வரும் கீர்த்தனாவின் பிடிவாதமும் ரகுமானின் இசையும் விருது வாங்கின. சிம்ரனுக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை. எனக்கு அதில் இன்றும் வருத்தம்தான். பெறாத தாயின் பயத்தை அவர் நடித்த அளவுக்கு அந்தப் படத்தில் வேறு யாரும் எதையும் நடிக்கவில்லை. பதின்ம வயதுப் பிள்ளைகளோடு அம்மாக்கள் பார்க்க இதைச் சொல்வேன். ஆனால் ஈழப் போரை நேரில் கண்டவர் யாராவது வீட்டில் இருந்தால் முதலில் அவரைக் கேளுங்கள். நமக்குச் சினிமாவாக இருக்கும் குண்டு வெடிப்பு அவருக்கு நினைவு. தத்தெடுத்த பிள்ளைக்கு இன்னும் விஷயம் சொல்லாத வீடுகளிலும் யோசித்துத்தான் போட வேண்டும்.

## காஞ்சிவரம்

சூரரைப் போற்று வாங்கிய அதே தங்கத் தாமரையைத்தான் இதுவும் வாங்கியது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே விருதா என்று நம்ப முடியாது. ஒன்று மனிதனால் முடியும் என்கிறது. இன்னொன்று, எவ்வளவு முயன்றாலும் முடியாதபடி ஒருவனைக் கட்டிப்போடும் ஏற்பாட்டைக் காட்டுகிறது.

பிரியதர்ஷன் இயக்கியது. சுதந்திரம் கிடைத்த காலத்தை ஒட்டிய காஞ்சிபுரம். பட்டு நெய்யும் வேங்கடம், மகளைப் பட்டுப்புடவை கட்டித்தான் கல்யாணம் செய்து கொடுப்பேன் என்று ஊரறியச் சொல்லிவிடுகிறான். நெய்கிறவனுக்கு அந்தப் பட்டு எட்டாத பொருள். பட்டு இழையை வாய்க்குள் ஒளித்துக்கொண்டு தினமும் வீட்டுக்குக் கொண்டுவந்து, யாருக்கும் தெரியாமல் நெய்ய ஆரம்பிக்கிறான். பகலில் நெசவாளர் உரிமைக்காகப் போராடும் தோழர், இரவில் திருடும் தகப்பன். இந்த இரண்டு பேரும் ஒரே உடம்புக்குள் மோதுவதுதான் படம்.

பிரகாஷ்ராஜ் வாய் திறந்து பேச முடியாமல் இழையைக் கடித்துக்கொண்டு தறிக்கூடத்தை விட்டு வெளியே வரும் அந்தச் சில அடி தூரத்துக்கே சிறந்த நடிகர் விருதைக் கொடுக்கலாம். சோதனை போடும் ஆள் முன்னால் நிற்கும்போது கண் மட்டும்தான் நடிக்கிறது.

எனக்கு இந்தப் படத்தில் ஒரு மனக்குறை உண்டு. ஒளிப்பதிவு வறுமையைக்கூட அளவுக்கு மீறி அழகாகக் காட்டிவிடுகிறது. மழை, விளக்கொளி, பட்டின் மினுமினுப்பு என்று ஒவ்வொரு சட்டகமும் நாட்காட்டிப் படம் போல இருக்கும்போது, அந்த வீட்டில் அடுப்பு எரியாத நாள் உண்டு என்பதே சில இடங்களில் மறந்துபோகிறது. பொதுவுடைமை இயக்கம் வரும் பகுதியும் அவசரமாக முடிகிறது. ஆனால் கடைசிப் பத்து நிமிடத்தில் இந்தக் குறைகள் எதுவும் நினைவில் இருக்காது.

பெண் பிள்ளையைப் பெற்ற தகப்பன்மார்களுக்கு எச்சரிக்கை: இந்த முடிவு உங்களுக்கு ரொம்பவும் கடினமாக இருக்கும். வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிற சமயம் இதைப் போட வேண்டாம். முகூர்த்தப் பட்டு எடுக்கப் போகும் முன்பு பார்ப்பது நல்லதா என்று ஒருவர் கேட்டார். எடுத்து, கட்டி, எல்லாம் முடிந்த பிறகு பாருங்கள் என்றேன். அந்தப் புடவையை அதற்கப்புறம் வேறு மாதிரி மடித்து வைப்பீர்கள்.

## விசாரணை

இதை யாருக்கும் முதல் படமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நான் மிகவும் மதிக்கும் படங்களில் ஒன்று.

கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், குண்டூரில் போலீஸ் காவலில் தான் பட்டதை ‘லாக்கப்’ என்று எழுதினார். அதை வைத்து வெற்றிமாறன் எடுத்த படம். பிழைக்கப் போன ஊரில் மொழி தெரியாத நான்கு தமிழ் இளைஞர்களைப் பிடித்து, செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கிறார்கள். இரண்டாம் பாதி சென்னைக்கு வருகிறது. அங்கே அடிக்கு மேல் ஒரு அரசியல் இருக்கிறது. 2015 வெனிஸ் விழாவில் போட்டிப் பிரிவொன்றில் திரையிடப்பட்டு, ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பின் இத்தாலியக் கிளை தரும் விருதைப் பெற்றது. பிறகு ஆஸ்கருக்கு இந்தியா சார்பில் அனுப்பப்பட்டது.

படத்தொகுப்புக்கான விருது கிஷோருக்கு. படம் வெளிவருவதற்கு முன்பே, 2015 மார்ச்சில், இளம் வயதில் இறந்துபோனார். ஆடுகளத்துக்கும் அவர்தான். படத்தொகுப்பு என்பது நம் கண்ணுக்குத் தெரியாத வேலை என்பார்கள். இந்தப் படத்தில் தெரியும். அடி விழும் காட்சியில் எப்போது வெட்டுகிறார்கள், எப்போது வெட்டாமல் நம்மைப் பார்க்க வைக்கிறார்கள் என்று கவனித்தால், மூச்சு எப்போது வாங்குவது என்பதைக்கூட அவர்தான் தீர்மானிக்கிறார் என்று புரியும். துணை நடிகர் விருது பெற்ற சமுத்திரக்கனி, மனசாட்சி உள்ள போலீஸ்காரராக வருகிறார். அந்த மனசாட்சியால் அவர் என்ன செய்ய முடிகிறது என்பதைப் படம் ஈவிரக்கமில்லாமல் காட்டுகிறது.

பாட்டு கிடையாது. நடுவில் இளைப்பாற இடமும் கிடையாது. பிள்ளைகள், இதய நோய் உள்ளவர்கள், போலீஸ் ஸ்டேஷன் அனுபவம் ஏதாவது உள்ளவர்கள் இருக்கும் அறையில் இதைப் போடவே கூடாது. ராத்திரி படுக்கப் போகும் முன்பு பார்க்காதீர்கள். பகலில், தனியாக, முடிந்த பிறகு கொஞ்சம் வெளியே நடந்துவர நேரம் இருக்கும்போது பாருங்கள்.

இவ்வளவு எச்சரித்துவிட்டு ஏன் பார்க்கச் சொல்கிறேன்? 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் கொடூரமாகத் தாக்கப்பட்டு இறந்த செய்தி வந்தபோது, அதை வெறும் செய்தியாகக் கடந்து போக என்னால் முடியவில்லை. அடைத்த கதவுக்குப் பின்னால் என்ன நடக்கும் என்பது இந்தப் படத்தால் எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு குடிமகனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

## வீடு

ஏழில் ஒன்றுதான் என்றால், எந்த நிபந்தனையும் இல்லாமல் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், என் கை வீடு மேல்தான் போகும்.

பாலு மகேந்திரா எழுதி, ஒளிப்பதிவு செய்து, தொகுத்து, இயக்கியது. சென்னையில் வாடகை வீட்டில் தாத்தாவோடும் தங்கையோடும் இருக்கும் சுதா என்ற வேலைக்குப் போகும் பெண். வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். வேறு வீடு தேடி அலுத்து, இருக்கிற மனையில் சின்னதாக ஒரு வீடு கட்டலாம் என்று முடிவெடுக்கிறாள். ‘வீட்டைக் கட்டிப்பார்’ என்ற பழமொழியின் பாதியை எடுத்து ஒரு முழுப் படம் ஆக்கியிருக்கிறார். கடன், பிளான் அனுமதி, லஞ்சம், சிமெண்ட், மேஸ்திரி, மழை. வில்லன் என்று ஒருவரைக் காட்ட முடியாது. ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

படத்தில் பாட்டு இல்லை. இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்’ தொகுப்பிலிருந்து எடுத்த இசைதான் பின்னணி. பெரும்பாலும் இயற்கை வெளிச்சம். சுதாவாக வரும் அர்ச்சனாவின் முகத்தில் ஒப்பனையே தெரியாது. அவருடைய பஸ் பயணங்களையும் களைப்பையும் பார்க்கும்போது அவர் நடிப்பதாகவே நமக்குத் தோன்றாது. இந்தப் படத்துக்குச் சிறந்த நடிகை விருது. அடுத்த ஆண்டே தாசி என்ற தெலுங்குப் படத்துக்காகவும் அதே விருதை வாங்கினார்.

ஆனால் படம் முடிந்த பிறகு எல்லோரும் பேசுவது தாத்தாவைப் பற்றித்தான். சொக்கலிங்க பாகவதர், நாடக மேடையிலிருந்து வந்தவர். பாதி எழுந்து நிற்கும் வீட்டைப் பார்க்க அந்தத் தாத்தா தனியாகக் கிளம்பிப் போகும் காட்சி ஒன்று இருக்கிறது. சுவரைத் தொடுகிறார். ஒவ்வொரு அறையாக நின்று பார்க்கிறார். வசனம் எதுவும் தேவைப்படவில்லை. தமிழ் சினிமாவில் எனக்குப் பிடித்த பத்து நிமிடங்களைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் முதலில் சொல்வேன். இந்தக் காட்சிக்காக நடிகர் விருது ஒன்று பாகவதருக்கும் போயிருக்க வேண்டும் என்பது என் தீராத ஆதங்கம்.

பொறுமை வேண்டும் என்பது உண்மை. முதல் அரை மணி நேரத்தில் பெரிதாக எதுவும் நடக்காதது போல இருக்கும். ஒரு மத்தியதரக் குடும்பத்தின் வருமானக் கணக்கு நம் மனதில் ஏறுவதற்கு அந்த நேரம் தேவை. இந்த ஏழு படங்களில் செல்போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் பார்க்க வேண்டியது இது ஒன்றைத்தான்.

இன்னொரு விலை, பிரதியின் தரம். வீடு படத்தின் நெகட்டிவ் இப்போது இல்லை என்று பாலு மகேந்திராவே கடைசிக் காலத்தில் வேதனையோடு பேசியிருக்கிறார். தேசிய விருது வாங்கிய ஒரு படத்தை நம்மால் காப்பாற்றி வைக்க முடியவில்லை. அவர் பார்த்துப் பார்த்து வைத்த வெளிச்சம் மங்கிப்போன பிரதிகளில்தான் இன்று நமக்குக் கிடைக்கிறது. பெரிய டிவியில் போட்டால் குறைகள் இன்னும் பெரிதாகத் தெரியும். சின்னத் திரையில், விளக்கை அணைத்துவிட்டுப் பார்ப்பது மேல்.

பெற்றோரோடு பார்த்தால் இந்தப் படத்துக்கு இன்னொரு பலன் உண்டு. சொந்தமாக வீடு கட்டிய அப்பா அம்மாவாக இருந்தால், படம் முடிந்ததும் அவர்கள் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். யாரிடம் கடன் வாங்கினார்கள், எந்த நகையை விற்றார்கள் என்று அதுவரை நீங்கள் கேட்டிராத விவரங்கள் வரும். இப்போது வீட்டுக் கடனில், கட்டுமானத்தின் நடுவில் இருக்கிறவர்கள் மட்டும் கிரகப்பிரவேசம் முடிந்த பிறகு பார்க்கட்டும்.

## எதை எதோடு சேர்க்கக் கூடாது

இரண்டு படங்கள் பார்க்க நேரம் கிடைத்தவர்களுக்கு: காஞ்சிவரத்தையும் விசாரணையையும் ஒரே வாரத்தில் பார்க்காதீர்கள். இரண்டாவதாகப் பார்ப்பதன் மேல் எரிச்சல்தான் வரும், அந்தப் படத்தின் தவறே இல்லாமல். காக்கா முட்டை பார்த்து, பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது என்றால் அடுத்து சூரரைப் போற்று. ஆடுகளம் பிடித்தவர்கள் சில நாள் இடைவெளி விட்டு விசாரணைக்குப் போகலாம். இயக்குநரும் தொகுப்பாளரும் அதே ஆட்கள், ஆறு ஆண்டுகளுக்குள் கதை சொல்லும் விதத்தை எவ்வளவு இறுக்கியிருக்கிறார்கள் என்று தெரியும். வீடு பிடித்தவர்கள் அதே பாலு மகேந்திரா, அதே சொக்கலிங்க பாகவதரை வைத்து எடுத்த சந்தியா ராகம் படத்தைத் தேடுங்கள். அதற்கும் நெகட்டிவ் இல்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். நல்ல பிரதி கண்ணில் பட்டால் தள்ளிப்போடாமல் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.